சும்மா கிடந்த நாலு வயர்

கேமரா மூன்றாவது நாளும் கண்ணைத் திறக்கவில்லை. ஏணியின் மேல்படியில் நின்று ஜெபஷீலா அதன் பின்புறம் ஜாக்கைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். கீழே சுருளியாண்டி ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகு ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிய வேண்டும் என்று அவள் முதல்நாளே சொல்லியிருந்தாள். டிக் கேட்டது. விளக்கைத்தான் காணோம். கழிவுப்பஞ்சு குடோனின் கூரையில் அங்கங்கே பதித்திருந்த கண்ணாடி ஓடுகள் வழியாக ஆனி மாத வெயில் இறங்கி, அந்த வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி நிதானமாக மிதந்துகொண்டிருந்தது. ஜெபஷீலாவின் புருவத்திலும் கொண்டையிலும் பஞ்சு அப்பியிருந்தது. வயது இருபத்தேழு என்றாள் ஒருநாள். அன்றைக்குப் பார்க்க அறுபது வயது மாதிரி நரைத்துப்போய் இறங்கி வந்தாள்.

"வயர் நல்லாத்தாண்ணே இருக்கு. லேப்டாப்ப சொருகுனா ஆபீஸ் கம்ப்யூட்டர் பேசுது. கேமராவ சொருகுனா மட்டும் பொணமா கெடக்கு" என்றாள்.

"மொத நாளே கோயமுத்தூருக்குத் திருப்பி அனுப்பி வேற கேமரா வந்துச்சுல்ல?"

"இது அந்த வேற கேமராதாண்ணே."

சுருளியாண்டிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமில்லை என்பதால் இருமுவதுபோல் சமாளித்தார். வீரபாண்டியைத் தாண்டிக் கம்பம் ரோட்டில் இருந்த அந்த நூற்பாலையில் அவர் இருபத்திரண்டு வருஷமாக எலெக்ட்ரீஷியன். எரிந்துபோன மோட்டார்களையும் செத்துப்போன ஸ்டார்ட்டர்களையும் எத்தனையோ பார்த்தவர். ஆனால் இந்தக் கம்ப்யூட்டர் சங்கதி வேறு ஜாதி. டெஸ்டரை வைத்தால் எரியாது, தொட்டால் அடிக்காது, கோளாறு வந்தால் புகைகூட வராது. புகை வராத கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவருக்கு உண்மையிலேயே பெரிய மர்மமாக இருந்தது.

அந்த வாரம் அவர் ஜெனரேட்டர் அறையைவிட்டு அதிகம் நகர முடியவில்லை என்பதும் ஒரு காரணம். அந்த 2008-ஆம் வருஷம் தினமும் மின்வெட்டு. கரண்ட் போனதும் ஜெனரேட்டரை ஓட்டி, வந்ததும் நிறுத்தி, நடுவில் அதன் கோபத்தைத் தணித்து, அதற்கே பொழுது சரியாக இருந்தது. ஜெபஷீலா ஆபீஸில் என்னென்ன பெட்டி மாட்டினாள் என்று அவர் கிட்டப்போய்ப் பார்க்கவில்லை. டைம் ஆபீஸ் தவசிதான் செய்தி சொன்னார். வருகைப் பதிவு பார்க்கிற தவசி, ஒன்றை இரண்டாக்கிச் சொல்வதில் கெட்டிக்காரர்.

"ஏதோ இன்ஜெக்டராம்யா. கேமராவுக்கு ஊசி போட்டும் எந்திரிக்கலையாம்."

குடோனுக்குக் கேமரா வந்ததற்கு ஒரு தீதான் காரணம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டியூப்லைட்டின் சோக்கில் கிளம்பிய சின்னப் பொறி பஞ்சில் விழுந்து, பாதி குடோனைத் தின்றுவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. அதன் பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் வந்து குடோனுக்குள் ஒரு முழம் கரண்ட் வயர்கூட இருக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விளக்கு, ஃபேன், பிளக் எல்லாவற்றையும் சுருளியாண்டிதான் தன் கையால் பிடுங்கினார். பிடுங்கியவற்றில் ஒரு அழைப்பு மணியும் இருந்தது. குடோனில் வேலை செய்கிற பெண்கள் ஏதாவது ஆத்திர அவசரம் என்றால் அமுக்குவார்கள். டைம் ஆபீஸில் அடிக்கும். அதைப் பிடுங்கும்போது அவருக்குக் கை ஒரு நிமிஷம் தயங்கியது. மேனேஜர் ஞானசிகாமணி பக்கத்தில் நின்று, "அதையும்தான் சுருளி" என்றார்.

கை தயங்கியதற்குக் காரணம் உண்டு. குடோனில் கழிவுப்பஞ்சைத் தரம் பிரிக்கிற நான்கு பெண்களில் ஒருத்தி சண்முகத்தாய். சுருளியாண்டியின் மனைவி. அவளுக்கு இளைப்பு. மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள், இடுப்பில் சுருக்குப் பைக்குள் உறிஞ்சுகிற மருந்து இருக்கும். வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாயிற்று. வேறு பிரிவெல்லாம் மெஷின், நின்றுகொண்டே ஓட வேண்டும், அது அவளால் ஆகாது. வேலையை விடச் சொன்னால், "நீங்க விடுங்க, நான் சம்பாதிச்சுப் போடுறேன்" என்பாள். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவார்.

மாசி மாதம் ஒருநாள் மற்ற மூன்று பேரும் கோயில் திருவிழா, கல்யாணம் என்று லீவு போட்டிருக்க, சண்முகத்தாய் தனியாக இருந்தபோது மூச்சு முட்டிக் கீழே விழுந்துவிட்டாள். மருந்து கைக்கெட்டாமல் பொதிக்கு அடியில் உருண்டுவிட்டது. குடோன் கதவைத் திறந்து கத்தினாலும் ஆலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. மத்தியானம் பொதி ஏற்ற டிராக்டர் வந்தபோதுதான் டிரைவர் பார்த்தான். அதுவரை நாற்பது நிமிஷம். தேனி ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "உலைக்கு அரிசி ஊறப் போட்டனே, பாத்தீகளா?" என்பதுதான். சுருளியாண்டி வெளியே வந்து, சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அழுதார். அந்த மணியைப் பிடுங்கியது தன் கைதான் என்பது அன்றிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. நாலு தடவை மேனேஜரிடம் மணி கேட்டார். நாலு தடவையும் ஞானசிகாமணி இன்சூரன்ஸ் காகிதத்தைக் காட்டினார். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

தீயைக் கண்காணிக்கக் குடோனில் ஒரு கேமராவும் வேண்டும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் சொல்ல, வைகாசியில் ஜெபஷீலா வந்தாள். தேனி பஜாரில் அவளும் அண்ணன் ஜோஷ்வாவும் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள். அதுவரை பிரவுசிங் சென்டர்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான் வயர் இழுத்திருந்தார்கள். ஆலை வேலை இதுதான் முதல். இந்த ரோட்டில் இன்னும் எட்டு ஆலைகள் இருக்கின்றன, இதை ஒழுங்காக முடித்தால் அவையும் வரும், சொதப்பினால் ஒரு கேட்டும் திறக்காது என்று அவளே சொன்னாள். டைம் ஆபீஸிலிருந்து குடோன் வரைக்கும் வேப்பமரங்களுக்கு ஓரமாகக் குழாய் பதித்து, அதற்குள் சாம்பல் நிறக் கேபிள் ஒன்றை இழுத்தாள். நூறு மீட்டருக்கு மேல் போகக்கூடாதாம். தொண்ணூற்று நான்கில் முடித்துவிட்டாள். முனையைச் சீவியபோது உள்ளே தலைமுடி கனத்தில் எட்டு வயர்கள் ஜோடி ஜோடியாக முறுக்கிக் கிடந்தன. ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன்.

"எதுக்கு மேடம் எட்டு?" என்று சுருளியாண்டி கேட்டார்.

"நாலுதாண்ணே வேலை செய்யும். ஆரஞ்சும் பச்சையும். நீலமும் பிரவுனும் சும்மாதான் கெடக்கும்."

"சும்மாவா?"

"சும்மாதாண்ணே."

கேமரா வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் போய்விட்டாள். அந்தச் சும்மா மட்டும் சுருளியாண்டியைவிட்டுப் போகவில்லை. ஆலை எலெக்ட்ரீஷியனுக்குச் சும்மா என்று ஒரு பொருள் கிடையாது. எரிந்த காயிலின் செம்புக் கம்பியைக்கூடச் சுற்றி வைப்பார். உடைந்த ஸ்விட்சின் ஸ்குரூவுக்கு ஒரு டப்பா, ஸ்பிரிங்குக்கு ஒரு டப்பா வைத்திருப்பார். தொண்ணூற்று நான்கு மீட்டர் நீளத்துக்கு நான்கு வயர்கள் குடோனுக்கும் டைம் ஆபீஸுக்கும் நடுவே சும்மா கிடக்கின்றன என்றால், அது அவருக்கு வயராகவே தெரியவில்லை. அவருக்காகவே போட்டு வைத்த ஒரு வழியாகத் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழாயின் இரண்டு முனையிலும் இருந்த ஜங்ஷன் பெட்டிகளைத் திறந்து, நீல ஜோடியை மட்டும் பதமாக வெட்டி எடுத்தார். குடோன் பக்கம் ஒரு அமுக்கு ஸ்விட்ச். டைம் ஆபீஸ் பக்கம், தவசியின் மேஜைக்கு அடியில், மூன்று டார்ச் செல்லில் ஓடுகிற ஒரு மணி. பெரிய கரண்ட் எதுவும் இல்லை, டார்ச் செல் பஞ்சைக் கொளுத்தாது, இன்சூரன்ஸ்காரனுக்கும் மனசாட்சிக்கும் பதில் சொல்லிக்கொள்ளலாம். கடையில் கிடைத்த மணி குருவி மாதிரிக் கத்துகிற ரகம். வேறு ரகம் இருப்பில் இல்லை.

தினமும் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்குமுன் ஒருதரம் அமுக்கிச் சோதிக்க வேண்டும் என்று பெண்களிடம் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு டைம் ஆபீஸில் குருவி கத்தும். இரண்டாவது வாரம் ஞானசிகாமணி உள்ளே வந்து கூரையை அண்ணாந்து பார்த்து, "இங்கன குருவி கூடு கட்டிருக்கு போல. யாரும் கலைக்காதீக. குருவி வர்ற எடம் நல்லாருக்கும்" என்றார். மறுநாள் ஒரு பொட்டலத்தில் நொய்யரிசி கொண்டுவந்து ஜன்னலில் தூவினார். தவசி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியதை வயிற்றுக்கோளாறு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மூன்று வாரத்தில் குருவி நேரங்கெட்டு இரண்டு தடவை கத்தியது. ஒருதரம் குடோன் பெண்களில் ஒருத்தியான ராஜமணியின் காலில் பொதி சரிந்தபோது. ஒருதரம் பொதிக்கு நடுவே சாரைப்பாம்பு வந்தபோது. இரண்டு தடவையும் சுருளியாண்டி ஓடினார். இரண்டு தடவையும் சண்முகத்தாய் நன்றாக இருந்தாள். சுருளியாண்டி அந்த மூன்று வாரமும் நன்றாகத் தூங்கினார்.

இப்போது மூன்றாவது நாளாகக் கேமரா பிணமாகக் கிடக்கிறது. ஏணியை மடக்கிக்கொண்டிருந்தபோது ஞானசிகாமணியே குடோனுக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் பஞ்சு ஒட்டாமல் வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் ஆளுக வாராக. இன்னைக்குச் செவ்வாய். மதுரைக் கேமராக்காரங்களக் கூப்பிட்டுரவா?"

"நாளைக்கு ஒருநாள் குடுங்க சார்" என்றாள் ஜெபஷீலா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"கரண்டே இல்லாத எடத்துல கேமரா எப்படி ஓடும்னு அன்னைக்கே கேட்டேன். ஓடும்னீங்க."

"கரண்டும் இதே வயர்லதான் சார் வருது. நாப்பத்தெட்டு வோல்ட்டுதான், தீப்பிடிக்காது. படம் நாலு வயர்ல போகும். சும்மா கெடக்குற மத்த நாலு வயர்ல ஆபீஸ்லருந்து கரண்ட அனுப்புறோம். அதுக்குத்தான் அந்த இன்ஜெக்டர். யுபிஎஸ்ல மாட்டிருக்கதால கரண்ட் கட்டானாலும் கேமரா நிக்காது. நீலத்துல ஏறி, பிரவுன்ல திரும்பி வரணும். ஏன் ஏறலைன்னுதான்..."

அதற்கு மேல் சுருளியாண்டிக்குக் காது கேட்கவில்லை. கையிலிருந்த ஏணி நழுவிக் காலில் இடித்தது, அதுவும் தெரியவில்லை. சிவப்பிலும் கறுப்பிலும் மட்டுமே கரண்ட் போய்ப் பார்த்த மனிதர் அவர். இந்தத் தலைமுடி வயரில் டார்ச் செல்லுக்கு மேல் கரண்ட் போகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. நீலத்தில் ஏறுமாம். அந்த நீலம் ஜங்ஷன் பெட்டிக்குள் அவர் கையால் வெட்டப்பட்டு, டேப் சுற்றி, குருவிக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது.

மேனேஜர் போய்விட்டார். ஜெபஷீலா வேப்பமரத்தடிக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். சுருளியாண்டி நின்ற இடத்திலேயே நின்றார். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை, ஏனென்றால் இருந்தது மூன்றே வழி. வாயை மூடிக்கொண்டிருக்கலாம், மதுரைக்காரர்கள் வருவார்கள், அந்தப் பிள்ளைக்கு எட்டு ஆலைக் கேட்டும் மூடும். யாருக்கும் தெரியாமல் நீலத்தைத் திரும்ப ஒட்டிவிடலாம். பச்சை விளக்கு எரியும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், குருவி மட்டும் செத்துப்போகும். அல்லது சொல்லிவிடலாம். சொன்னால் குருவியும் போகும், வேலையும் போகலாம், வேலையோடு குடியிருக்கிற ஆலை வீடும் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சண்முகத்தாய்க்கு மணி இல்லை, அல்லது மணிக்காக இன்னொருத்தி அழ வேண்டும்.

டீ நேரத்தில் பெண்கள் முகத்துணியை அவிழ்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சண்முகத்தாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப மூணு நாளா அந்தப் புள்ள ஏணில ஏறி எறங்குறது நம்மளாலயா?"

"ஆமாத்தா."

"கழத்திருங்க."

"ஒனக்கு?"

"எனக்கென்ன. ராஜமணி இருக்கா, மத்தவளுக இருக்காளுக."

"அன்னைக்கு எங்க இருந்தாளுக?"

சண்முகத்தாய் டம்ளரின் அடியில் இருந்த டீயைத் தரையில் ஊற்றிவிட்டு, "நேத்து எங்க நாலு பேருக்கும் தன் சோத்த பங்கு வச்சுக் குடுத்துச்சு அந்தப் புள்ள. காரக்கொழம்பு. நல்லா வச்சிருந்துச்சு" என்றாள். எழுந்து துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள் என்று சுருளியாண்டிக்குத் தெரிந்தது. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் எதையும் இரண்டாம் தடவை சொன்னதில்லை.

ஜெபஷீலா வேப்பமரத்தடியில் கேபிள் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுருளியாண்டி அவள் முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டார்.

"தாயி, கேமராவுல கோளாறு இல்ல. கோளாறு நாந்தான்."

ஜங்ஷன் பெட்டியைத் திறந்து காட்டினார். நீல வயர் இரண்டும் அழகாக டேப் சுற்றி, ஸ்விட்சுக்குப் போயிருந்தன. வேலை அத்தனை சுத்தமாக இருந்ததே அப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. மாசி மாதத்தையும் நாற்பது நிமிஷத்தையும் சொன்னார். குருவியைச் சொன்னார், நொய்யரிசியையும் சொன்னார். ஜெபஷீலா வயரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி வயரைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"சும்மா கெடக்குன்னு யார்ண்ணே ஒங்ககிட்ட சொன்னா?"

"நீங்கதான் தாயி."

"நான்தான?" அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "படத்துக்கு மட்டும் நெனச்சுச் சொல்லிட்டேண்ணே. வெயில்ல, சீக்கிரம் முடிச்சா போதும்னு சொல்லிட்டேன். மூணு நாளா கேமராவப் பழி சொல்லி, இன்ஜெக்டரப் பழி சொல்லி, கோயமுத்தூர் கடைக்காரரோட சண்டை போட்டு... எட்டு வயரையும் ஒண்ணொண்ணாப் பாக்குற அந்த எட்டு வெளக்கு டெஸ்டர எங்கண்ணன் போடிக்குக் கொண்டுபோயிட்டான். அது இருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும்." பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சு ஒட்டிய முகத்தோடு சிரித்தாள். "மேனேஜர் நெசமாவே அரிசி போட்டாகளா?"

"தெனமும் தாயி."

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து கேமராவோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு படத்தில் விரல் நின்றது. கேமராவின் பின்புறப் படம் அது. ஜாக் சொருகுகிற ஓட்டைக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள்.

"இந்த ரெண்டு ஓட்டை கேமராவுல சும்மா கெடக்குண்ணே" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இந்தத் தடவ நெசமாவே சும்மாதான். படிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். இதுல ஒரு ஸ்விட்ச் மாட்டலாம். அமுக்குனா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சத்தம் வரும், இங்க என்ன நடக்குதுன்னு படமும் அதுவா முன்னாடி வந்து நிக்கும். நம்ம ஸ்விட்சே போதும். தனி வயர் வேணாம், செல் வேணாம். கேமராவுக்குப் போற அதே கரண்டு."

ஒரு காரியத்தைக் கெடுத்தவனைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்பார்களா? சுருளியாண்டி தன் ஆயுசில் கண்டதில்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருப்ப தாயி. பிள்ள குட்டியோட நல்லாருப்ப" என்று மட்டும் சொன்னார். அதைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை சொன்னார்.

நீலத்தை ஒட்டினார். அவரே ஒட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கி ஒட்டினார். ஜெபஷீலா ஏணியில் ஏறி ஜாக்கைச் சொருகினாள். டிக். ஒன்று, இரண்டு, மூன்று என்று சுருளியாண்டி எண்ணுவதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. நான்கு பெண்களும் கைதட்டினார்கள். தொண்ணூற்று நான்கு மீட்டருக்கு அப்பாலிருந்து தலைமுடி வயரில் நடந்து வந்த கரண்டைச் சுருளியாண்டி முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஏணியைப் பிடித்திருந்ததால் முடியவில்லை.

மேனேஜரிடம் சொல்லத் தேவையில்லை என்றுதான் ஜெபஷீலா சொன்னாள். வயர் நடுவில் விட்டிருந்தது, சரி பண்ணிவிட்டோம், அவ்வளவுதான், அதில் பொய் ஒன்றுமில்லை என்றாள். சுருளியாண்டி கேட்கவில்லை. அவளோடேயே போய், ஞானசிகாமணியின் மேஜை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்ப அந்தக் குருவி?"

"அதாங்க சார் இது."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபமா, ஏமாற்றமா என்று சொல்ல முடியாது. தன் அறை ஜன்னலைப் பார்த்தார். அங்கேயும் நொய்யரிசி கிடந்தது.

"எட்டு மணி போக வேற நேரத்துல கத்துச்சா?"

"ரெண்டு தடவ சார்." காலில் விழுந்த பொதியையும் பாம்பையும் சொன்னார்.

"எனக்கு யாரும் சொல்லலையே."

"சொன்னா மணியப் பிடுங்கிருவீகன்னு பயம் சார்."

அந்தப் பதில் அவரைத் தொட்டுவிட்டது போலிருந்தது. கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் நகர்த்தினார். "எழுதிக் குடு."

அந்த ஆலையில் எழுதிக் கொடு என்றால் ஒரே அர்த்தம்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுத வேண்டும், அது ஃபைலுக்குப் போகும், ஃபைல் ஒருநாள் ஆளை வெளியே அனுப்பும். சுருளியாண்டி பேனாவை வாங்கி, 'மன்னிக்க வேண்டுகிறேன்' என்று தொடங்கினார்.

"அத அடிச்சிரு" என்றார் ஞானசிகாமணி. "கோரிக்கைன்னு எழுது. குடோன்ல வேலை செய்யிற பெண்களுக்கு அவசர மணி வேணும்னு நீ கேக்குற. கேமராவோட சேத்து மாட்டலாம்னு இந்தப் பிள்ள சொல்லுது. அனுமதிச்சேன்னு நான் எழுதுறேன். வெள்ளிக்கிழமை வர்றவகளுக்கு நானே காமிக்கிறேன்." பிறகு ஜெபஷீலாவைப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். "அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன சத்தம் வரும்?"

"என்ன சத்தம் வேணும்னாலும் வைக்கலாம் சார்."

"குருவி வைக்க முடியுமா?"

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார்கள். அடுத்த வாரமே சின்னமனூர்ப் பக்கம் ஒரு ஆலையிலிருந்து ஜெபஷீலாவைக் கூப்பிட்டார்கள். ஞானசிகாமணிதான் போனில் சொன்னாராம். சண்முகத்தாய் ஒரு தூக்குவாளி நிறையக் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தேனிக்குக் கொடுத்தனுப்பினாள். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு ஜெபஷீலா பேரில் ஒரு அர்ச்சனையும் செய்தாள். அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளையாயிற்றே என்று சுருளியாண்டி சொன்னதற்கு, "நல்லாருக்கணும்னு சொன்னா எந்தச் சாமி வேணாங்கும்?" என்றாள்.

காலை எட்டு மணிக்குக் குருவி கத்தும். கம்ப்யூட்டர் திரையில் குடோன் பளிச்சென்று வந்து நிற்கும். முகத்துணி கட்டிய நான்கு பெண்கள் கேமராவைப் பார்த்துக் கை காட்டுவார்கள். தவசி நான்கு பேருக்கும் வருகை போட்டுக்கொள்வார். மேனேஜர் இன்னும் ஜன்னலில் அரிசி போட்டுக்கொண்டுதான் இருந்தார். இப்போது நிஜமாகவே இரண்டு குருவிகள் வந்து தின்றுவிட்டுப் போயின.

ஆடி பிறந்து நாலாம் நாள். மத்தியானம் மூன்றே கால் இருக்கும். மேற்கே மலையிலிருந்து சாரல் காற்று இறங்கி வேப்பமரங்களை ஆட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுருளியாண்டி டைம் ஆபீஸ் வாசலில் நின்று ஃபியூஸ் கட்டை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே குருவி கத்தியது. எட்டு மணிக் குருவி இல்லை இது. நேரங்கெட்ட குருவி. "ஏலே சுருளி, தனியா நிக்கிறா!" என்று உள்ளேயிருந்து தவசி போட்ட சத்தம் பாதிதான் காதில் விழுந்தது. ஃபியூஸ் கட்டை எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை. ஓடினார். செருப்பு ஒன்று வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டது. நாற்பத்தெட்டு வயதுக் கால்கள். சுருக்குப் பை இடுப்பில் இருக்க வேண்டுமே, பொதிக்கு அடியில் உருண்டிருக்கக் கூடாதே என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் இல்லை.

குடோன் கதவைத் தள்ளினார். சண்முகத்தாய் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முகத்துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது. நன்றாகத்தான் இருந்தாள். மற்ற மூன்று பேரையும் காணோம், டீ வாங்கப் போயிருந்தார்கள்.

"என்னத்தா... என்ன ஆச்சு?" இப்போது இளைப்பு அவருக்குத்தான்.

"சும்மாதான்" என்றாள்.

அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறந்தார். அவள் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வலதுகை விரல்களை மடக்கியபடி வைத்திருந்தாள், எதையோ எண்ணிக்கொண்டிருந்து பாதியில் விட்டவள்போல.

"நீங்க வர எத்தன நேரமாகுதுன்னு எண்ணிப் பாத்தேன்" என்றாள். "நாப்பது எண்ணி முடிக்கல. வந்துட்டீக."

சுருளியாண்டி பஞ்சுப் பொதியின் மேல் உட்கார்ந்தார். அவள் அவருடைய செருப்பில்லாத காலைப் பார்த்தாள். குனிந்து, பாதத்தில் ஏறியிருந்த நெருஞ்சி முள்ளை நகத்தால் பிடுங்கத் தொடங்கினாள். மேலே கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தவசியும், அநேகமாக மேனேஜரும், அங்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கட்டும் என்று அவர் காலை நீட்டிக்கொண்டார்.